தண்ணீரைத் தட்டியவர்

கோழி கிளறியது போன்ற என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் விழுந்தபோது, முங்கி எடுக்க ஒருவர் வந்தார். கட்டையான உடம்பு, சிவந்த கண்கள். இறங்கும் முன் கடைசிப் படியில் குனிந்து தண்ணீரை உள்ளங்கையால் தட்டுவார். உள்ளே இருக்கும் உயிர்கள் ஒதுங்கட்டும் என்பார்.

இடுப்புக் கயிற்றின் மறுமுனையை என்னிடம் தந்தார். "நான் கீழேருந்து ரெண்டு தடவ சுண்டி இழுத்தாத்தான் தூக்கணும்ணே. பயந்துபோயி நீங்களா தூக்கிராதீக."

மோட்டார் மேலே வந்துவிட்டது. அடியில் கிடந்த பழைய வலையில் ஆமை ஒன்று உயிரோடு மாட்டியிருப்பதாகச் சொல்லி, கத்தியோடு மறுபடி முங்கினார். வெகுநேரம் கயிறு அசையவே இல்லை. தூக்கிவிட்டேன்.

வெறுங்கையோடு வந்தார். வேகமாகத் தூக்கியதில் காதில் ரத்தம்.

"வலையில ஒரு கண்ணிதாண்ணே பாக்கி. அத அறுத்திருந்தா வந்திருக்கும்."

"நீங்க போயிட்டீகன்னு நெனச்சேன். நான் செஞ்சது தப்பாண்ணே?" என்றேன்.

அவர் துண்டால் காதைப் பொத்திக்கொண்டார். அந்தக் காதோடு மறுபடி இறங்க அவரால் முடியவில்லை. போகும் முன் குனிந்து தண்ணீரை ஒருமுறை தட்டினார்.

ஒதுங்க முடியாமல் வலையில் கிடந்த ஆமைக்காக ஏன் தட்டினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எழுதிய நாள்: 14.6.2005