திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பாட்டு

தை மாதம், புதன்கிழமை. திருச்சியில் ஏறிய பாசஞ்சர் ரயில் காலை ஒன்பதரைக்கு என்னைப் பூதலூரில் இறக்கிவிட்டது. பனி இன்னும் விலகவில்லை. தந்திக் கம்பங்கள் பாதிக்கு மேல்தான் தெரிந்தன. என்னோடு மதுரையில் வேலை பார்க்கும் செல்வராசுவின் தங்கை மலர்க்கொடிக்கு மறுநாள் காலை கல்யாணம். அதற்காகத்தான் வந்தேன்.

பத்தரைக்குப் பேருந்து. திருக்காட்டுப்பள்ளி பத்து கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் அறுபது காசு. அங்கே செல்வராசு காத்திருந்தார். குடமுருட்டிக் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

"சார், ஊர்ல யார்கிட்டயும் கட்சி பத்தி மட்டும் பேசிடாதீங்க" என்றார், நடக்கத் தொடங்கியதுமே.

"ஏன்?"

அவர் கை காட்டினார். கண்ணுக்கு எட்டிய வரை அறுவடை முடிந்த நெல் தாள். நடுவில் ஒரே ஒரு வயல் மட்டும் அறுக்காமல் நின்றது. முற்றிய கதிர், தலை கவிழ்ந்து, பனியில் மங்கிய பொன்னாக இருந்தது. அது கோயில் நிலம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் செல்வராசுவின் ஊர், செங்கொடிச் சங்கம். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் ஊர், ஆளுங்கட்சிச் சங்கம். அந்த வயலை அறுக்கும் உரிமை எங்களுக்குத்தான் என்று இரண்டு ஊரும் மார்கழியில் அரிவாளோடு வரப்பில் நின்றன. போலீஸ் வந்தது, கோர்ட்டில் வழக்கும் ஆனது. யாரும் அறுக்கவில்லை. நெல் தானாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"நிச்சயம் பண்ணினது ஆவணியில. சண்டை மார்கழியில. மாப்பிள்ளை நல்ல பையன் சார், வாத்தியார் வேலை. அவரோட சித்தப்பாதான் அங்க சங்கத்துல பெரிய ஆளு. 'உங்க சங்கப் பாட்டு ஒரு வரி காதுல விழுந்தாலும் வண்டிய திருப்பிடுவோம்'னு சொல்லி அனுப்பிட்டாரு. நம்ம பசங்க என்னடான்னா, 'அவங்க கட்சிக்காரங்க நடிச்ச படத்துப் பாட்டு வந்துச்சுன்னா மைக் செட்டுக் குழாயைப் பிடுங்கி வாய்க்கால்ல போடுவோம்'னு நிக்கிறாங்க."

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காமல் போகலாம். இந்தப் பக்கத்தில் சினிமாப் பாட்டுக்கும் கட்சி உண்டு. யார் நடித்தது, யார் எழுதியது என்று கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் ஒன்றும் தேறாது. சாமிப் பாட்டுப் போடலாம் என்றால் இரண்டு பக்கமும் சாமி கும்பிடாதவர்கள்.

"பாட்டே இல்லாமல் நடத்தினால் என்ன?" என்றேன்.

"எழவு வீடுன்னு நெனச்சிடுவாங்க சார்."

நண்பகலுக்குச் சற்று முன் ஊர் எல்லையை நெருங்கினோம். அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது. ஆற்றுத் தண்ணீரின் மேல் மிதந்து வந்ததாகவே தோன்றியது. கிட்டார் ஒன்று ஓடை நீர்போல் நிற்காமல் ஓடியது. அதன் அடியில் ஒரு மத்தளம், விட்டு விட்டு, யாரோ தூரத்தில் நெல் குத்துவதுபோல். அதன் மேல் ஓர் ஆண் குரல், தெரியாத மொழியில், எதையோ கெஞ்சிக் கேட்டது. பெண் குரல்கள் பல சிரித்தபடி மறுத்தன. கொக்குகள் தாளில் அசையாமல் நின்றன. நான் எந்த நாட்டில் நடக்கிறேன் என்பது சிறிது நேரம் எனக்கே மறந்துபோனது.

பந்தலில் மைக் செட் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். குழாய்கள் இரண்டும் தென்னை மரத்தில். அவர் முன்னால் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த டேப் ரெக்கார்டர்.

"ஆப்பிரிக்காப் பாட்டு சார். என் தம்பி கப்பல்ல சமையல்காரன். மொம்பாசாவுல வாங்கினானாம். கடலோரத்துக்காரங்க ஆட்டத்துக்கு அடிக்கிற மத்தளம், உள்நாட்டுக்காரங்க ஆட்டத்துக்கு வாசிக்கிற கிட்டாரு, ரெண்டையும் ஒருத்தன் ஒண்ணாக் கலந்துட்டானாம். அந்த நாட்டுல பஸ்ஸு, டீக்கடை, எங்க பாத்தாலும் இதுதானாம்."

தேதியில்லாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை எனக்கு. "பாட்டின் பெயர் என்ன? எந்த வருஷம் வந்தது?" என்று கேட்டேன்.

"மேல ஒட்டியிருந்த தாளு உப்புத் தண்ணியில போச்சு. ஏன் சார், பத்திரம் பதியப் போறீங்களா?"

"கேசட்டின் மறுபக்கம்?"

"அது அவன் பொண்டாட்டிக்குப் பேசி அனுப்பினது. அதைப் போட்டா அவ என்னைக் கொன்னுடுவா."

ஆகவே பகல் முழுவதும் அந்த ஒரே பாட்டு. முடியும், சுற்றுவார், மறுபடி தொடங்கும். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் அரிவாள்மணைச் சத்தம்கூட மெல்ல அதனோடு சேர்ந்துகொண்டது.

"என்னதான்டி சொல்றான் அவன்?" என்றார் ஒருவர்.

"எவளுக்குத் தெரியும்? எந்தக் கட்சின்னு சொல்லல, அது போதும்."

மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வாய்க்கால் பாலத்துக்கு வந்தன. முன்னால் கரை வேட்டியில் சித்தப்பா. பாட்டைக் கேட்டு வண்டியை நிறுத்தச் சொல்லி, தலையைச் சாய்த்து நின்றார். குற்றம் சொல்லப் பாட்டில் ஒரு வார்த்தை தேடினார், கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

பாட்டு பாதியில் அறுந்தது. மாட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டது. செல்வராசுவின் அப்பா வீரையன் பந்தல் வாசலில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மலர்க்கொடி.

"ஏன் நிறுத்திட்டீங்க? அடுத்து எந்தப் பாட்டு வரப்போவுது?" என்று பாலத்திலிருந்து சித்தப்பா கத்தினார். எங்கள் பக்கத்து இளைஞன் ஒருவன் கோஷம் போட மூச்சை இழுத்தான். செல்வராசு அவன் தோளை அழுத்திப் பிடித்தார்.

பெண் வீட்டுத் தப்பாட்டக்காரர்கள் பாலம் வரை போய், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களோடு சேர்ந்து அடித்து அழைத்து வருவது வழக்கம். மார்கழிச் சண்டைக்குப் பிறகு சேர்ந்து அடிப்பதில்லை என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டன. எங்கள் பக்கத்துத் தப்புக்காரர் சின்னப்பா தென்னை மரத்தில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் பொறுக்காமலோ என்னவோ, காலை முதல் கேட்ட மத்தள அடியைத் தப்பில் தட்டத் தொடங்கினார்.

அந்தப் பக்கத்து வண்டியிலிருந்து ஓர் ஆள் குதித்தார். கையில் தப்பு.

"டேய், நிறுத்துடா! மூணாவது அடி அங்க விழாதுடா."

"காலையிலேருந்து கேக்குறேன் நான். எனக்கு நீ சொல்றியா?"

"கேட்டு என்ன பண்ண? காது வேணும்ல!"

வந்தவர் பாலத்தைக் கடந்து, எங்கள் பக்கத்து வைக்கோல் போரிலேயே ஒரு பிடி உருவிக் கொளுத்தித் தோல் இறுகத் தப்பைக் காய்ச்சினார். அவர் ஒரு தரம் அடித்துக் காட்டினார். சின்னப்பா இல்லை என்று அடித்தார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் அடி முடிவதற்குள் மற்றவர் அடித்தார். எப்போது அந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஆட்டமாக மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. மாடுகள் தாமாகவே நகர்ந்தன. வண்டிகள் பாலத்தைக் கடந்தன.

சித்தப்பா கடைசியாக வந்தார். "எங்க ஆளு அடிச்சதுதான் சரி" என்றார், வீரையன் முகத்தைப் பார்க்காமல்.

"உங்க ஆளு அடிச்சதே சரியா இருக்கட்டும் சம்பந்தி. உள்ள வாங்க" என்றார் வீரையன்.

வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு மாலை மாற்றிக்கொண்டார்கள். பத்து மணிக்கு மலர்க்கொடி வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டாள். நான் கிளம்பும்போது கோயில் நிலத்துக் கதிர் அப்படியேதான் நின்றது. கிளிகள் இறங்கியிருந்தன.

"அது கோர்ட்டுல கெடக்கட்டும் தம்பி. பொண்ணு நல்லபடியா அந்த வீட்டுக்குப் போயிட்டா" என்றார் வீரையன்.

காதர் பாய் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார். என் குறிப்பில் வருஷம் எழுத வேண்டிய இடம் காலியாக இருப்பதைச் சொன்னேன். "மலர்க்கொடி கல்யாணத்து வருஷப் பாட்டுன்னு எழுதிக்குங்க. இந்தப் பக்கம் எல்லாருக்கும் புரியும்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

மதுரையில் எங்கள் தெருவில் இரண்டு டீக்கடைகள். எதில் என்ன பாட்டு வரும், எதில் யார் டீ குடிக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் பல வருஷமாக ஒரே கடையில்தான் குடிக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை. பூதலூர் பிளாட்பாரத்தில், ரயிலுக்குக் காத்திருந்தபோது, என் பெட்டியின் மேல் அந்த மத்தள அடியை விரலால் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது அடி எங்கே விழ வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ரயில் வரும் வரை இரண்டு விதமாகவும் தட்டிக்கொண்டிருந்தேன்.