இருமிவிட்டு வந்த சிப்பாய்

அல்ஜியர்ஸின் பழைய நகரமான காஸ்பாவின் சந்துகளில் மத்தி மீன் விற்கும் அரெஸ்கிக்குப் பூனைக்கண்ணும் செம்பட்டை முடியும் வாய்த்தது அவன் செய்த குற்றமா? விடுதலைப் போரில் இரண்டு வருஷம் கம்பி எண்ணியவன். சுதந்திரம் வந்த மூன்றாம் வருஷம் அந்தப் போரைப் படமெடுக்க வந்தவர்கள், போராளி வேஷம் கேட்டுப் போனவனுக்குப் பிரெஞ்சுச் சிப்பாய் உடுப்பை மாட்டிவிட்டார்கள். கொடுமையைப் பாருங்கள்!

அதுகூடப் போகட்டும். அவன் உதைத்துத் திறக்க வேண்டியது உவார்தியா அத்தை வீட்டுக் கதவு. அவள் மகள் ஜெஜிகாவைப் பெண் கேட்டு இரண்டு மாதமாகிறது. அந்த அம்மாள் பதிலே சொல்லவில்லை. படத்துக்கு வீட்டைக் கொடுத்ததோடு, நடிக்கவும் ஒத்துக்கொண்டிருந்தாள்.

"ஒடச்சா பொண்ணு போச்சு, ஒடைக்கலேன்னா வேஷம் போச்சு. நல்லா மாட்டுனடா!" என்றான் இன்னொரு சிப்பாயாக நின்ற முடிதிருத்துகிற சலா.

கேமரா ஓடியது. அரெஸ்கி துப்பாக்கியோடு பாய்ந்தான். வாசலுக்கு வந்ததும் நின்றான். "க்ஹும்! ஆம்பளை வர்றேன், வழி விடுங்கம்மா!" பெண்கள் இருக்கும் வீட்டில் குரல் கொடுக்காமல் நுழைந்து பழகாத கால் அது.

"நிறுத்து!" உதவி இயக்குநர் முராத் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், வீடு புகுந்து அடிக்க வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

இரண்டாம் முறையும் இருமல். மூன்றாம் முறை வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினான். அப்போதும் தானாக வந்துவிட்டது. உள்ளே பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ இருமுனா உடுப்பக் கழட்டிட்டு மீன் விக்கப் போ!" என்று முராத் கத்தினான்.

நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். கதவு பெயர்ந்து விழுந்தது. "நாசமாப் போறவனே!" என்று உவார்தியா குஸ்குஸ் பானை மூடியால் மண்டையில் போட்டாள். அது நடிப்பில்லை. முராத் கைதட்டினான்.

நெற்றி புடைக்க அரெஸ்கி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். கல்யாணம் போனது போனதுதான் என்று அழுகை முட்டியது. உவார்தியா ஈரத்துணியோடு வந்தாள்.

"அத்தை, வேணும்னு செய்யல..."

"தெரியும்டா. அன்னைக்கு எங்க வீட்டுக்காரர இழுத்துட்டுப் போக இதே வாசலுக்கு வந்தானுங்களே, அதுல ஒருத்தன்கூட இருமல."

ஈரத்துணியை அவன் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"வெள்ளிக்கிழமை உங்கம்மாவக் கூட்டிட்டு வா. வரும்போது சுத்தியலும் எடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை அம்மாவும் பலகையும் சுத்தியலுமாக வந்தான். வாசலில் கதவே இல்லை. ஆனாலும் நின்று இருமினான்.

"அம்மா," என்று உள்ளிருந்து ஜெஜிகா கூவினாள், "சிப்பாய் வந்துட்டாரு!"