எதிர்வீட்டில் வைத்த பெட்டி

எனக்கு டிக்கெட் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமைக்கு. செவ்வாய் வடக்கே சூலம் என்றார் அப்பா. மேல்படிப்புக்கு நான் போகிற அமெரிக்கா எந்தத் திசை என்று வீட்டில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் சிட்லபாக்கத்துக்கு மீனம்பாக்கம் வடக்கு. அதில் சந்தேகமே இல்லை. எனவே சூலம் சூலம்தான்.

இதற்கு அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நாளில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். கிளம்பிய பெட்டி மறுபடி நம் வீட்டுக்குள் வரக்கூடாது.

அந்தப் பெட்டியோடு நான் ஒரு மாதம் மல்லுக்கட்டியிருந்தேன். கம்பளி சாக்ஸ், கையுறை, ஊட்டி டூரில் வாங்கிய இரண்டு ஸ்வெட்டர், ரசப்பொடி, சின்ன குக்கர். ஆகஸ்ட் புழுக்கத்தில் ஃபேனுக்கு அடியில் நின்று குரங்குக் குல்லாவைப் போட்டுக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. மூடியின் மேல் ஆள் உட்கார்ந்தால்தான் பூட்டு விழும்.

ஞாயிறு காலை பெட்டி எதிர்வீட்டுக்குப் போனது. அங்கே ரிட்டயரான டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகளும் இதே மாதிரி குளிர் தேசத்துக்குப் படிக்கப் போனவள். அவளுக்கும் நாள் சரியில்லாமல், அவள் பெட்டியை எங்கள் வீட்டு ஹாலில்தான் வைத்தார்கள். முதல் வருஷம் கடிதம் வந்தது. பிறகு பொங்கல் வாழ்த்து மட்டும். பிறகு அதுவும் இல்லை. டீச்சர் எழுதியவை, ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தன.

"அங்கேயா வைக்கணும்?" என்று முந்தின நாளே கேட்டிருந்தேன்.

"அவங்களே வந்து கேக்கறாங்க. முடியாதுன்னா சொல்ல முடியும்?" என்றாள் அம்மா.

திங்கள் மதியம், வைக்க மறந்துபோன சர்டிஃபிகேட் நகல்களோடு எதிர்வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஹாலில் சுவரோரமாக என் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பக்கத்து அறையில் பீரோவும் திறந்திருந்தது. ஒரு தட்டு முழுக்க என் சுடிதார்கள், ஓரம் பிசகாமல் மடித்து. ஹேங்கரில் என் ஸ்வெட்டர்கள். அவற்றை ஒட்டி டீச்சரின் மகள் விட்டுப்போன தாவணிகள். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன.

டீச்சர் சமையலறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்து அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா? துணியெல்லாம் அடுக்கிட்டேன். கை கால் கழுவிக்கோ, உப்புமா ஆறிடும்."

"டீச்சர், எனக்கு நாளைக்கு ஃப்ளைட்."

"அந்தக் குளிரு உனக்கு ஒத்துக்காதுன்னு அப்பவே சொன்னேனே" என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பெட்டியைத் தொட இவர் யார்? அப்புறம் அவர் கண்ணைப் பார்த்தேன். அது என்னைத்தான் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து உப்புமாவைச் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

"மறுபடியும் போறியா?"

"ஆமா."

பூட்டு விழாமல் நான் திணறினேன். அவரே எழுந்து வந்து மூடியின் மேல் உட்கார்ந்தார். 'டக்'கென்று விழுந்தது.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அப்பா அபசகுனம் என்பார், பயணமே நின்றுபோகும். எனக்குப் போயாக வேண்டியிருந்தது. அதற்காக எதையும் மறைக்கத் தயாராக இருந்தேன்.

செவ்வாய் மாலை டாக்ஸி எதிர்வீட்டு வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றும்போது டீச்சர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அம்மா என் பக்கத்திலேயே நின்றாள்.

"இந்தத் தடவையாவது லெட்டர் போடுவியா?"

"போடறேம்மா" என்றேன்.

அவரை நான் அப்படி அழைத்ததே இல்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அங்கே முதல் பனி விழுந்த அன்று ஸ்வெட்டரை எடுத்துப் போட்டேன். பாச்சை உருண்டை வாசனை அப்படியே இருந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள டீச்சருக்கு' என்று தொடங்கினேன். அவர் காத்திருந்தது அந்தக் கடிதத்துக்கு அல்ல. அடித்துவிட்டு 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதினேன். கடைசியில் யார் பெயரைப் போடுவது? பேனாவை மூடி வைத்தேன். இன்னொரு நாள் எழுதலாம் என்று நினைத்தேன்.

என் அம்மாவுக்கு வாரம் தவறாமல் எழுதினேன். அவள் ஒரு பதிலில் எழுதியிருந்தாள்: 'டீச்சர் தினமும் போஸ்ட்மேனை நிறுத்திக் கேட்கிறார். யாரிடமிருந்து என்று போஸ்ட்மேன் கேட்டால், என் பொண்ணு அமெரிக்காவிலிருந்து போடுவா என்கிறார். போன மாசம்தான் போனா என்கிறார்.'

படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அதற்குப் பிறகும் எழுதவில்லை. இரண்டாவது மகளிடமிருந்தும் அந்த வீட்டுக்குக் கடிதம் வரவில்லை.