டாக்டர் கேட்ட ஒரு பெயர்

என் வாயிலிருந்து முதலில் தொலைந்துபோன சொல் ‘கதிரை’. போன வருடம் வைகாசி மாதம், ஒரு கல்யாண வீட்டு அம்மா சாரி ஜாக்கட்டுக்கு அளவு கொடுக்க என் கடைக்கு வந்திருந்தார். நான் மரியாதையாக, “வாங்கம்மா, அலுமாரியில உக்காருங்க” என்றேன். அவர் அலுமாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அந்தச் சிரிப்பு இரண்டு வாரம்தான் நின்றது. நம் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், நான் லெட்சுமி. திகன கடைவீதியில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷின் நின்றாலும் என் வாய் நிற்காது என்று வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்த வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் காணாமல் போயிற்று. ஊசி என்று நினைத்தால் உரல் என்று வரும். காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி. வலது கையில் கத்தரிக்கோல் நிற்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். முப்பது வருடத்தில் செய்யாத பிழை. அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற என் மகள் தாரணி லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சிங்களத்தில், தலைக்குள் ஒரு ‘கெடிய’ இருக்கிறது என்றார். சந்தையில் தேங்காய், மாங்காய் எண்ணும்போது நான் தினமும் கேட்கிற சொல் அது. என் தலையில் காய் காய்த்திருக்கிறதா என்று ஒரு கணம் விழித்தேன். கட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தாரணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

பார்த்த அளவில் இது புற்றுநோய்க் கட்டி மாதிரி இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் அது பேச்சு வருகிற இடத்தை அமுக்கிக்கொண்டு இருக்கிறதாம். எடுத்த பிறகு பேச்சு குறையலாம். குறைந்தது திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வீட்டுக்கு வந்ததும் சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நன்றாகச் சண்டை போட்டேன். “காலை எடு, கண்ணை எடு, இந்த வாயையா எடுப்ப? இது ஒண்ணுதானே எங்கிட்ட இருக்கு” என்று அழுதேன். உண்மையாகச் சொல்கிறேன், அன்றைக்கு விளக்குக்கூட ஏற்றவில்லை.

கோயிலில் நீங்கள் ஏற்றினீர்கள். எனக்காகச் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தீர்கள். அது என் காதுக்கு வந்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்து நானும் கும்பிட ஆரம்பித்தேன்.

பெரஹெர ஊர்வலம் பார்க்க வந்த கூட்டமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த மறு வாரம் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் பசித்தது. இரண்டாம் நாள் கட்டு மாற்றும்போது தாரணியைப் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். ஆயிரம் ஜாக்கட் தைத்தவள் நான், என் தலையில் போட்ட தையலைப் பார்க்காமல் விடுவேனா? இடைவெளி சரியாக இருந்தது. டாக்டருக்கு நல்ல கை.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் சோதிக்க வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்த சிங்கள நர்ஸ் ஒருவர் கேள்வியைத் தமிழில் கேட்டார். பெயர் என்ன? “லெட்சுமி.” எந்த ஊர்? “திகன.” பிள்ளைகள்? “ஒண்ணு.” மெதுவாக வந்தாலும் சரியாகத்தான் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். கடைசியாக அந்தப் பிள்ளை கேட்டது:

“உங்க மாத்தயா பேரு என்ன?”

என் புருஷன் பெயரைக் கேட்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கல்யாணமான மறுநாளே என் மாமியார், “புருஷன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறஞ்சிரும்” என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு நான் சொன்னதே இல்லை. அதிலும் அவருக்கு நம் சாமியின் பெயர். பஜனையில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது நான் மட்டும் ‘பிள்ளையார் தம்பி’ என்று பாடுவேன், நீங்களும் கேலி செய்வீர்கள். அரசாங்கக் கந்தோர்களில் படிவம் நிரப்பக் கேட்டாலும் அதையே சொல்வேன். நம்முடைய ஆட்கள் யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். அதனால் நர்ஸிடமும் சொன்னேன்.

“பிள்ளையாரோட தம்பி.”

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தது. டாக்டரிடம் சொன்னது. டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடியும் கேட்கச் சொன்னார். காது கேட்கவில்லையாக்கும் என்று நான் சத்தமாக, “பிள்ளையாரோட தம்பிங்க!” என்றேன். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அம்மாவுக்கு அப்பாவை ஞாபகம் இல்லைபோல, இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தாரணியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் பதறிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, “லெட்சுமி, என்னையத் தெரியுதா?” என்றார். முப்பத்திரண்டு வருடம் சோறு போட்டவளிடம் கேட்கிற கேள்வியா? நல்லதாக நாலு வார்த்தை கொடுக்க வாயைத் திறந்தேன். “குடை” என்றேன்.

இரண்டாவது தடவையும் குடைதான் வந்தது. காலையில் இருந்த பேச்சு மத்தியானம் இல்லை. வீக்கத்தால் அப்படி வந்து வந்து போகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அப்போது யாருக்குத் தெரியும்? அவர் தலையை ஆட்டினார், என் காலைத் தடவினார். பிறகு திரும்பி நடந்தார். நான் பார்க்கக் கூடாது என்று வெளியே போய் அழப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. ‘என்னங்க’ என்று கூப்பிடப் பார்த்தேன். தினமும் நூறு தடவை சொன்ன சொல், வரவில்லை. இந்த மனிதன் நான் அவரை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போகப்போகிறாரே என்று நெஞ்சு வெடித்தது. சாமி, எனக்கு எல்லாப் பேச்சும் வேண்டாம், ஒரு சொல் கொடு, ஒரே ஒரு சொல் என்று கேட்டேன்.

“முருகேசு!”

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். “முருகேசு! முருகேசு!” அந்தச் சொல் மட்டும் தண்ணீர் மாதிரி வந்தது. அவர் ஓடி வந்து, “என்னா புள்ள, பேரச் சொல்லிப்புட்ட” என்று அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸ் ஓடி வந்ததும் அவர் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அந்தப் பிள்ளையும் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சாமியைத்தான் கூப்பிட்டேனா, புருஷனைத்தான் கூப்பிட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் வந்தார்கள்.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று பரிசோதனையில் உறுதியாகியது. ஆனால் பேச்சு ஒரே நாளில் வரவில்லை. வீட்டில் அவர் காலையில் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிப் பிடித்து, “இது என்னா?” என்று கேட்பார், நான் சொல்ல வேண்டும். தமிழ் வராத இடத்தில் சிங்களம் முந்திக்கொண்டு வரும். ஒரு நாள் வெங்காயம் கேட்க ‘லூனு’ என்றேன். அதைக் கொஞ்சம் குறுக்கிச் சொன்னால் சிங்களத்தில் உப்பு. அவர் உப்புப் போத்தலைக் கொண்டுவந்து குழம்பில் இன்னொரு கரண்டி போட்டுவிட்டார். ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே அதைச் சாப்பிட்டோம்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வலது கை விரல் இரண்டு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு ஜாக்கட்டுக்கு மேல் தைக்க முடியாது. அவருடைய ஆயுசு குறையவில்லை, இரண்டு கிலோ கூடியிருக்கிறது. முன்பெல்லாம் சாமியிடம் ஒரு பட்டியலோடு போவேன். இப்போது காலையில் எழுந்ததும் நாலு சொல் பேசிப் பார்க்கிறேன். வருகிறது. அதற்கே கை கூப்பிவிடுகிறேன்.

உங்களில் யாருக்காவது இப்போது தாங்க முடியாத கஷ்டம் இருக்கலாம். கும்பிடக்கூட வாய் வராமல் இருக்கலாம், எனக்கு அது தெரியும். அப்படிப்பட்டவர்கள் வெள்ளிக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் பெயரை உங்களுக்கும் சேர்த்து நான் கூப்பிடுகிறேன்.