ஒரு நிமிஷம் கொடுக்காத கான்ஃபிக்

கன்டெய்னரை மூன்று முறை ஏற்றினேன், மூன்று முறையும் செத்தது. மதியம் மணி இரண்டு. மூன்று மணிக்குள் ஓடவில்லை என்றால் இதை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். புது வேலையில் இன்னும் சோதனைக் காலத்தில் இருந்த எனக்கு அந்த வேலையும் போய்விடும். பதினெட்டு வருடம் பார்த்த பழைய வேலை ஒரே மின்னஞ்சலில் போன நடுக்கமே இன்னும் தீரவில்லை.

கன்டெய்னர் என்பது ஒரு நிரலை, அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிய மூட்டை. பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில் அது ஓடும். எத்தனை பிரதி ஓட வேண்டும், உயிரோடு இருக்கிறதா என்று எப்போது பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிவைப்பது கான்ஃபிக். உறுவையாறு கிராமத்தில் என் வீட்டில் உட்கார்ந்து நான் செய்த முதல் கான்ஃபிக் இது.

இதற்கு நடுவே, கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த மகளுக்கு போன் அடித்தபடி இருந்தேன். எடுக்கவில்லை. நான்கு முறைக்குப் பிறகு அவளே அழைத்தாள்.

"இன்னாம்மா உனக்கு? வில்லியனூர் ரயில்வே கேட்டுல நிக்கறேன். ஹெல்மெட்ட கழட்டி போன எடுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டு திரும்ப அடிக்கிற!"

"எடுக்கலன்னா பயமா இருக்காதாடி?"

"ஒடனே எடுக்கலன்னா செத்துட்டேன்னு அர்த்தமா? ஒரு நிமிஷம் குடு தாயே! கேட்டுல நிக்கறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். உயிரோடு இருக்கிறதா என்று முதல் நொடியிலிருந்தே, நொடிக்கொரு முறை கேட்கச் சொல்லியிருந்தேன். பதில் வராவிட்டால் கிளஸ்டர் அதைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்கும். நிரல் எழுந்து தயாராகவோ நாற்பது நொடி வேண்டும். மாதிரிக் கோப்பில் பத்து நொடிக்கொரு முறை என்றுதான் இருந்தது. போதாதென்று குறைத்தவள் நான்.

முதலில் அறுபது நொடி காத்திரு என்று ஒரு வரி சேர்த்து ஏற்றினேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று, இரண்டு என்று மூன்று பிரதிகளும் திரையில் பச்சையாக, உயிரோடு நின்றன.

கத்திக்கொண்டே முற்றத்தைச் சுற்றி ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, மேல பல்லி கில்லி வுழுந்துச்சா?"

"இல்லடி, ஓடுது! மூணும் ஓடுது!"

"எது, கோழியா? எந்தப் பக்கம்?" என்று அவளும் தெருவுக்கு ஓடினாள்.

மூன்று மணிக்கு, என் வயதில் பாதிகூட இல்லாத குழுத் தலைவர் வீடியோவில் வந்து பார்த்தார். "நல்லா இருக்கு மேடம். அடுத்ததும் நீங்களே எடுத்துக்கோங்க. ஏன் மேடம், அழுவுறீங்களா?"

"இல்ல சார்," என்றேன், "கோழி புடிச்சிட்டு வந்தேன்."