ஒரு மொட்டைக்குச் சாமி தேடிய கதை

எங்கள் மாடியில் குடியிருக்கும் கதிரவனின் மகனுக்கு மூன்று வயசு. தோள் வரை முடி! ஓசூர் கடைத்தெருவில் யாராவது "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டால் போதும், பயல் ஓவென்று அழுதுவிடுவான். போன கோடையில் தலை முழுக்க வேர்க்குரு.

"காலாகாலத்தில் மொட்டை போட வேண்டியதுதானே?" என்று அவன் அம்மா மஞ்சுளாவிடம் எரிந்து விழுந்தேன்.

"எங்கக்கா போடறது? மொத மொட்டை குலதெய்வத்துக்குத்தானே? இவருக்குச் சாமி எதுன்னே தெரியலையே!"

மஞ்சுளா சாமல்பட்டிப் பெண். கதிரவன் விருதுநகர் பக்கம். ஃபேக்டரி வேலைக்காக இங்கே வந்தவர். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்து ஹாஸ்டலில் வளர்ந்தவர். அப்பா பேர், தாத்தா பேர், தாலுகா பேர் — அவருக்குத் தெரிந்த குடும்ப வரலாறு அவ்வளவுதான். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாராக நின்றதே அவரோடு வேலை பார்ப்பவர்கள்தான்.

எதிர்வீட்டுத் தெலுங்கம்மா, "எங்க சாமிக்கே போட்டுடுப்பா, அவர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு" என்று தன் தெய்வத்தைத் தாராளமாக இரவல் கொடுத்தார்.

கதிரவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு இவன் கேட்டா என்னன்னுக்கா சொல்ல? நமக்குன்னு யாருமில்லடான்னா?"

எனக்கோ பிராட்பேண்ட் வந்த புதுசு. கை சும்மா இருக்குமா? நண்பர்களைத் தேடிச் சேர்க்கும் வெப்சைட்டில் விருதுநகர்க்காரர்களுக்கென்றே ஒரு கம்யூனிட்டி இருந்தது. கதிரவனின் விவரங்களை எழுதி, "இந்தக் குடும்பத்தைத் தெரியுமா? குலதெய்வம் தெரிய வேண்டும்" என்று போட்டேன். அப்புறம் இன்னொரு ஃபோரம், இன்னொரு குரூப்... எல்லாம் ஓசிதானே!

பதில் கொட்டியது. ஒருவர் ஜாதகம் கேட்டார். ஒருவர் பரிகாரம் சொன்னார். ஒருவர் என்னையே ஃப்ரெண்டாகச் சேர்த்துக்கொள்ளத் துடித்தார் — இந்த வயசில்!

அலுத்துப்போய் விட்டுவிட்ட நேரத்தில், குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். ஒரே ஒரு கேள்வி.

"அவங்க வீட்டுல புடலங்காய் சமைப்பாங்களா?"

என்ன கிண்டலா இது? எரிச்சலோடு இருவரையும் கீழே கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அக்கா! இவரு புடலங்காயை வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு. நான் திமிருன்னு நெனச்சுக்கினு சண்டை போட்டுட்டிருக்கேன்!"

கதிரவன் குனிந்து அந்தக் கேள்வியைத் தானே ஒருமுறை படித்தார். "எங்கப்பா நறுக்கவே விட மாட்டாருக்கா. ஏன்னு சொன்னதில்ல. அவர் ஞாபகமா என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் புடலங்காயைப் பற்றி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லையே! கடல் தாண்டி இருக்கிற ஒருத்திக்கு எங்கள் மாடி வீட்டுச் சமையல் எப்படித் தெரிந்தது?

கேட்டதும் விளக்கினாள். அவளும் விருதுநகர் பக்கம்தானாம். அவள் வீட்டுக் குலதெய்வமான அம்மனுக்குப் பாம்பு காவலாம். அதனால் பாம்பு மாதிரி இருக்கிற காயை அந்தப் பங்காளிகள் யாரும் வெட்ட மாட்டார்களாம். தன் அப்பாவிடம் விசாரித்தாள். கதிரவனின் தாத்தாவை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சாட்டிலைட் மேப்பில் கோயிலையும் காட்டிக்கொடுத்தாள். கண்மாய்க்கரை, மரங்கள், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கதிரவன் அந்தப் புள்ளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கம்ப்யூட்டர் ஸ்கிரீனைத்தான்! சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு. நானும் கும்பிட்டேன்.

நாமெல்லாம் பத்திரம், சான்றிதழ் என்று பீரோவில் பூட்டி வைக்கிறோம். ஒரு குடும்பம் தன் அடையாளத்தைச் சாப்பிடாத காய் ஒன்றில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது... இன்னும்கூட எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

மொட்டை ஜாம்ஜாமென்று நடந்தது. போன இடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் சித்தப்பா, பெரியப்பாவாம்.

இந்த வாரம் பொங்கலுக்குக் கரும்பு வாங்கினேன். மாடி வீட்டுக்கும் சேர்த்து. கதிரவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் கிடையாதுக்கா. ஊர்ல பெரியப்பா ஒருத்தர் தவறிட்டாரு. பங்காளிங்க யாரும் கொண்டாடக் கூடாதாம்... எனக்கும் போன் போட்டுச் சொன்னாங்க!"

அவர் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால், பண்டிகை இல்லை என்பதை இத்தனை பெருமையாக ஒருவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.