ரூத்தின் பழைய பெயர்

குழாயடியில் ஒரு பெண் இன்னொருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யோசேப்பு நின்றுவிடுவார். அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். பிறகு லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நடப்பார். பஸ்ஸில், கருட சேவைக் கூட்டத்தில், நெசவுக்குப் பாவு நீட்டியிருக்கும் தெருவில், எங்கேயும் இப்படித்தான். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பி.ஏ. முடித்த பிறகும்கூட இதைப் பார்த்திருக்கிறேன்.

பூட்டு ரிப்பேர் செய்யும் சனாவுல்லாவின் வீட்டுப் பின்கட்டில் அவர் தனியாகக் குடியிருந்தார். பட்டுக்கடை ஒன்றில் ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பது பிழைப்பு.

"இன்னா யோசேப்பு, கிருஷ்ணவேணின்னு கூப்ட்டா நீ ஏன் நிக்கிறே? எத்தினி பேருக்கு வாக்கு குடுத்து வெச்சிக்கிறே?" என்பார் சனாவுல்லா.

"ஒருத்திக்குத்தான் பாய்."

யோசேப்பு சிரிக்கமாட்டார். சனாவுல்லாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரிப்பார்.

பிறந்தபோது யோசேப்பின் பெயர் சின்னப்பையன். 1913-இல், பத்து வயதில், தாய் தகப்பனோடு மதராஸில் கப்பலேறினார். போன இடம் தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானா, ஒரு கரும்புத் தோட்டம். அங்கே கூலிக்காரர் பிள்ளைகள் படிக்க வேண்டுமென்றால் மிஷன் பள்ளிக்கூடம்தான். படித்தார், ஞானஸ்நானம் பெற்றார், யோசேப்பு ஆனார். தோட்டத்தில் பெரும்பாலோர் வடக்கத்திக்காரர்கள் என்பதால் மிஷன் கோயிலில் பாட்டெல்லாம் இந்தியில். தமிழர்கள் எதுவும் புரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக இவரை உபதேசியாராக வைத்தார்கள்.

ஞானஸ்நானப் பெயர்களை அவரே தேர்ந்தெடுத்தார். பரசுராமன் தானியேல் ஆனான், மணியம்மாள் எஸ்தர் ஆனாள். பழைய பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாதென்று மிஷன் சொன்னதில்லை. அது இவருடைய கண்டிப்பு. பழைய பெயரோடு பழைய சாமியும் திரும்பி வந்துவிடும் என்று பயந்தார். மீறினவர்களை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார்.

மனைவி இறந்தபிறகு, 1955-இல், ஊரோடு வந்துவிடலாமென்று புறப்பட்டார். கப்பல் துறைக்கு ரூத் வந்திருந்தாள், அவர் பெயர் வைத்த பெண், தலை நரைத்தவள்.

"மாகறல்ல என் தம்பி இருப்பான் ஐயா. அக்கா உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

சரியென்றார். கப்பல் கரையை விட்டு வெகுதூரம் வந்தபிறகுதான் உறைத்தது. மாகறலில் போய் யாருடைய அக்கா என்று சொல்வது? ரூத்துக்கு முன்னால் அவள் பெயர் என்ன? மறந்துவிட்டது. மறக்க வேண்டுமென்றே மறந்தது. கோயில் பதிவேட்டிலும் புதுப் பெயரைத்தான் எழுதியிருந்தார். மிஷனுக்கு எழுதிக் கேட்டதற்கு, தோட்டத்துக் குடியிருப்புகளை இடித்துவிட்டார்கள், ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. பெயர் தெரியாமல் மாகறலுக்குப் போக அவர் துணியவில்லை.

இங்கேயும் அவருக்கு யாருமில்லை. ஐயம்பேட்டையில் பெரியப்பா வீட்டார் ஒரு வேளை சாப்பாடு போட்டார்கள். தங்கச் சொல்லவில்லை.

1967-இல், என்னோடு படித்த மாகறல் பையன் ஒருவன், தன் ஊரில் நமச்சிவாயம் என்பவரின் அக்கா கப்பலில் போனவள் என்றான். நானே யோசேப்பை அழைத்துப் போனேன். அவருக்காகப் போனேனா, எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியால் ஏதாவது ஆகுமென்று காட்டப் போனேனா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை.

நமச்சிவாயம் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். வந்த சேதியைச் சொன்னோம்.

"எங்க அக்காளா? பேரு இன்னான்னு சொல்லிச்சு?"

"ரூத்."

"அது எந்த ஊரு பேருப்பா?"

"நான் வெச்ச பேரு. பழசு மறந்துபோச்சு."

நமச்சிவாயம் என் பக்கம் திரும்பினார். "ஆளை மறக்கல, பேரை மட்டும் மறந்துட்டாராமா?" பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்க அக்கா சம்பூர்ணம். நான் அப்போ இடுப்புக் கொழந்த, மூஞ்சி தெரியாது. அவளா பாரு."

யோசேப்பின் உதடுகள் அசைந்தன. வெகுநேரம் அசைந்தன.

"இந்த ஊர்லேர்ந்து வேற யாராவது போனாங்களா?"

"மேட்டுத் தெரு ஜெயம்மா போனா. அவ தம்பி செத்துட்டான்."

"அப்ப என்னால சொல்ல முடியலைங்க."

"ஆமான்னு சொன்னா உனக்கு இன்னாப்பா கொறஞ்சிடும்? அவ இருக்காளா இல்லியான்னு தெரியாம நாங்க இன்னும் காரியம்கூடப் பண்ணல. எங்கம்மா சாவறப்போகூட அவளத்தான் கேட்டுக்கினு இருந்துச்சு."

யோசேப்பு குனிந்து, சிதறிக் கிடந்த கடலையைப் பொறுக்கிக் குவியலில் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில், ஆமென்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ஒருதரம் அவ பேரை நான் மாத்திட்டேன்" என்றார். "இன்னொரு தரம் மாத்தச் சொல்றியாப்பா?"

அதற்குப் பிறகும் குழாயடியில் நின்றார். சம்பூர்ணம் என்று யாரையாவது கூப்பிட்டால் மட்டும் அதிக நேரம் நின்றார். 1972-இல் ஒரு மழைக்காலத்தில் இறந்தார். கல்லறைக்குப் போனவர்களில் சனாவுல்லாவும் நானும் தவிர, எல்லாரும் கோயிலில் அவர் முகத்தை மட்டும் அறிந்தவர்கள்.

யோசேப்பு போய் இரண்டு வருஷமாகிறது. போன மாதம் நமச்சிவாயம் பேத்தி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்திருந்தார். கடையில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அந்தப் பெரியவருக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டார். அவர் இறந்துவிட்டதைச் சொன்னேன்.

நமச்சிவாயம் மடியிலிருந்த புடவையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்க அக்காளுக்கு நான் காரியம் பண்றதா, வேணாமா தம்பி?"